1729 போதும், இந்த டிசம்பரில் 67,46,32,83,88,800-க்குப் போவோம்

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 நெருங்கினால் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கப் பள்ளிகளில் ஒரே எண்தான் காதில் விழும்: 1729. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி டாக்ஸியில் வந்தார், எண் சுவாரசியமில்லாதது என்றார், படுக்கையில் இருந்த ராமானுஜன் மறுத்தார். பேச்சுப் போட்டியில் மேடையேறும் பிள்ளைகள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் கேட்ட பிள்ளைக்கு அதன்பின் செய்ய வேலை இல்லை. கைதட்டிவிட்டுப் போய்விடும்.

இந்த வருஷம் என் டியூஷன் பலகையில் வேறு எண்ணை எழுதப் போகிறேன்:

67,46,32,83,88,800

அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசி எண் இது.

உயர் பகு எண் என்றால், தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் தனக்கு உள்ள எண். 6-க்கு 4 காரணிகள், 12-க்கு 6, 24-க்கு 8, 36-க்கு 9, 48-க்கு 10, 60-க்கு 12. ஒவ்வொன்றும் முந்தைய சாதனையை முறியடிக்கிறது. 72-க்கும் 12 காரணிகள்தான், 60-ஐத் தாண்டவில்லை, அதனால் அதற்கு இடமில்லை. இப்படியே ஏறிக்கொண்டே போனால் மேலே எழுதிய எண் வருகிறது. அதன் காரணிகள் 10,080.

ஆறாம் வகுப்பில் பகாக் காரணிப்படுத்தல் படித்த எந்தப் பிள்ளையும் இந்த எண்ணை நோட்டில் பிரித்துப் பார்க்கலாம். 1729-ஐ விட இதுவே பிள்ளைகளுக்கு ஏற்ற ராமானுஜன் எண் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

கொருக்குப்பேட்டை_சுமதி எழுதியது:

டீச்சர், என் பொண்ணு எட்டாவது. இவ்ளோ பெரிய நம்பரைப் பார்த்ததும் பயந்துடுவாளே. 10,080 காரணியை யார் உட்கார்ந்து எண்ணுறது?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

ஒன்றுகூட எண்ண வேண்டாம் சுமதி. பிரித்து எழுதினால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ எத்தனை தடவை எடுப்பது என்பதற்கு 7 வழி (ஒன்றும் எடுக்காமலும் இருக்கலாம், 6 வரைக்கும் போகலாம்). 3-க்கு 5 வழி. 5-க்கு 3, 7-க்கு 3. 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றுக்கும் எடு அல்லது விடு, 2 வழி. பெருக்கச் சொல்லுங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

அடுத்து, ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 7 × 24 × 60. அதுவும் 10,080. பிறகு இந்த எண்ணுக்கு ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை என்று கேளுங்கள். 2-ஐத் தொடக்கூடாது, அதனால் முதல் 7 போய்விடும், மீதி 1,440. அது ஒரு நாளின் நிமிடங்கள். இதில் மாயம் எதுவும் இல்லை. நாளை 24 என்றும் மணியை 60 என்றும் பிரித்த பழைய ஆட்களுக்கும் நிறையக் காரணிகள் உள்ள எண்தான் பங்கு போட வசதியாக இருந்தது. ஆனால் 1,440 என்ற விடை வந்து, "டீச்சர், இது ஒரு நாளு!" என்று ஒரு பிள்ளை கத்தும் நிமிடத்துக்காகவே நான் இதைப் பலகையில் எழுதுவேன்.

யார்டு_செல்வம் எழுதியது:

அக்கா, நான் எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் யார்டுல டேலி கிளார்க். படிச்சது பத்தாவது. எந்த எண்ணால போகும், எதால போகாதுன்னு சொன்னீங்கன்னா எனக்கு இன்னும் வெளங்கும்.

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

செல்வம், 1-லிருந்து 28 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் மீதியில்லாமல் போகும். முதல் தடங்கல் 29. பிறகு 30 போகும், 31 போகாது. 64 வரை எடுத்துக்கொண்டால் போகாதவை இவ்வளவுதான்: 29, 31, 37, 41, 43, 47, 53, 58, 59, 61, 62. மற்ற 53 எண்களும் போகும்.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை உண்டு. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்:

6 | 746 | 328 | 388 | 800

வலக்கோடியில் தொடங்கி மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 800 − 388 + 328 − 746 + 6. விடை 0. சுத்தமான 0! 7 × 11 × 13 = 1001, ஆயிரம் என்பது அதற்கு ஒன்று குறைவு, அதனால்தான் இந்த வித்தை வேலை செய்கிறது. விடை 0 ஆகவோ 1001-இன் மடங்காகவோ வந்தால் மூன்றாலும் வகுபடும்.

யார்டு_செல்வம் எழுதியது:

போட்டுப் பார்த்தேன்க்கா, 0 வருது. எங்க பெட்டி நம்பர்லயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில கட்டம் கட்டி ஒரு இலக்கம். நாம ஒரு இலக்கத்தைத் தப்பா அடிச்சா சிஸ்டம் எடுத்துக்காது. கடைசி இலக்கம் 11-ஐ வெச்சு வருதுன்னு எங்க சூப்பர்வைசர் சொல்வாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நேர் எதிர்த்திசையில். பெட்டி எண்ணில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியைக் கட்டத்துக்குள் போடுகிறார்கள். 11 பகா எண். 2-இன் அடுக்குகளையோ ஓரிலக்க வித்தியாசத்தையோ அது வகுக்காது. அதனால் ஒரு இலக்கம் மாறினாலும் மீதி மாறிவிடும், பிழை பிடிபடும். (மீதி 10 வந்தால் 0 என்று போடுவதால் அங்கே மட்டும் ஒரு சின்ன ஓட்டை. அப்படி வரும் எண்களைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.)

பிழை பிடிக்க எதோடும் ஒத்துப்போகாத எண் வேண்டும். பங்கு போட எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் எண் வேண்டும். ராமானுஜன் இரண்டாவது வகையின் எல்லை எது என்று தேடினார். ஹார்டி இந்த எண்களைப் பற்றிச் சொன்னதும் அதுவே: பகா எண்ணிலிருந்து ஒரு எண் எவ்வளவு தூரம் விலகி இருக்க முடியுமோ அவ்வளவு தூரம் விலகி நிற்பவை.

வியாசர்பாடி_பைத்தான் எழுதியது:

அக்கா, ஒரு சந்தேகம். 23 எதுக்கு? 2-ஐயும் 3-ஐயும் இன்னும் கூட்டினா சின்ன எண்ணுலயே அதிகக் காரணி கிடைக்காதா?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இந்தக் கட்டுரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

23-ஐ எடுத்துவிட்டுப் பார். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5,040. இதை 10,080 ஆக்க வேண்டும், குறைந்த விலையில். 23-ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டிப்பு. விலை 23 மடங்கு.

2-ஐ மட்டும் வைத்து இரட்டிப்பாக்க 2⁶ என்பது 2¹³ ஆக வேண்டும், விலை 128 மடங்கு. 3 மட்டும் என்றால் 243 மடங்கு. 5 மட்டும் என்றால் 125. கலந்து செய்தால்? 2-இன் அடுக்கை மூன்று கூட்டி 3-இன் அடுக்கை இரண்டு கூட்டு: 7 × 5 என்பது 10 × 7 ஆகும், சரியாக இரண்டு மடங்கு. விலை 8 × 9 = 72. 2, 3, 5 மூன்றையும் கலந்தால் 60 மடங்கில் இரண்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். எப்படிச் சுற்றினாலும் 23 மலிவு. பட்டியலில் கீழே இருக்கும் சின்ன எண்களில் இதே 23 விலை அதிகம், அதனால் அங்கே அது தலைகாட்டாது. எந்தப் பகா எண் எப்போது உள்ளே வர வேண்டும், எந்த அடுக்கு எப்போது ஏற வேண்டும் என்ற இந்த பேரத்தைத்தான் ராமானுஜன் பக்கம் பக்கமாக அளந்தார்.

அவர் நிறுவியவற்றில் இரண்டைப் பிள்ளைகளுக்கே சொல்லலாம். ஒன்று, அடுக்குகள் ஒருபோதும் ஏறாது. 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டோ சமமாகவோதான் வரும். 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றினாலே அதே காரணி எண்ணிக்கையோடு சிறிய எண் கிடைத்துவிடும், பிறகு அது சாதனை ஆகாது. இன்னொன்று, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. விதிவிலக்கு இரண்டே இரண்டு: 4, 36. முதலாவதை எட்டாம் வகுப்புப் பிள்ளையே நிறுவிவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

துறைமுகம்_ஓய்வு எழுதியது:

நல்ல இழை. நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராஜாஜி சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

இளைய நண்பர்களுக்குச் சில விவரங்கள். ராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி தெருவில். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரே நல்ல கணிதக்காரர், இரவில் ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், துறைமுக அலுவலகத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்தில் எழுத்தராக இருக்கிறேன் என்றுதான் அவர் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் புறப்பட்டார். அடுத்த வருஷமே இந்தக் கட்டுரை வெளிவருகிறது. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் கொடுத்ததும் இதை வைத்துத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரியின் முதல் கட்டத் தேர்வு) தேறாதவருக்கு!

ராயபுரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய நினைவுகளையும் கடிதங்களையும் தொகுத்தார். 1968-ல் அது நூலாக வந்தது. 1993-ல் நம் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் தொடங்கியதிலும் அவருடைய உழைப்பு உண்டு. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்தார்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

எல்லாம் சரி. ஆனா அந்தப் பட்டியல்ல ஒரு எண் விட்டுப்போச்சுன்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா? உண்மைன்னா இதைப் பிள்ளைகள்கிட்ட காட்டணுமா? அவர் கும்பிட்ட தெய்வம் நாமகிரித் தாயார் அருளால எழுதினவர்னு சொல்றோம். அவர் விட்டுட்டார்னு சொன்னா மரியாதையா இருக்குமா?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

உண்மைதான் அண்ணா. விட்டுப்போன எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

காட்ட வேண்டும் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். பைத்தான் தம்பிக்குப் பதில் சொன்னபோது 23-ஐ எடுத்துவிட்டுப் பார் என்றேன் இல்லையா? 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5,040. அதுவேதான் விட்டுப்போன எண். பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் விட்டுப்போனது கையில் வந்துவிடும்! செல்வம், இதையும் மூன்று மூன்றாக வெட்டிப் பாருங்கள்: 293 | 318 | 625 | 600. அதாவது 600 − 625 + 318 − 293. இதுவும் 0.

இது எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்போம். பட்டியலில் இதற்கு முந்தியது 1,95,54,57,50,400. அதன் காரணிகள் 4,608. அதில் ஒரு 2-ஐ எடுத்துவிட்டு ஒரு 3-ஐப் போட்டால் எண் ஒன்றரை மடங்கு, காரணிகள் 4,608-லிருந்து 5,040. பட்டியலில் பிந்தியது 3,21,25,37,32,800. விட்டுப்போன எண்ணிலிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐ நுழைத்தால் அது வரும். 21 போய் 23 வருகிறது, பத்து விழுக்காடுகூட ஏறவில்லை, காரணிகள் 5,376 ஆகிவிடுகின்றன. இவ்வளவு நெருக்கமான இடைவெளியில் ஒளிந்திருந்த எண் அது.

இப்போது மரியாதை விஷயம். தாயார் அருள் என்று அவரே நம்பினார், அந்த நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் பட்டியல் முழுக்கத் தானாக வந்து விழுந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவருடைய உழைப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். கால்குலேட்டர் இல்லாத காலம். 13 இலக்கம் வரைக்கும் ஒவ்வொரு எண்ணாகக் கையால் தேடி, ஒப்பிட்டு, ஒழித்து எழுதிய பட்டியல். அவ்வளவு நீளத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு மனிதன் உட்கார்ந்து செய்த வேலை என்று புரியும். நாமும் உட்காரலாம் என்று தோன்றும். கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ இருக்கும் ஒரு பெண் குழந்தைக்கு எனக்குத் தேவைப்படுவது அந்த எண்ணம்தான்.

துறைமுகம்_ஓய்வு எழுதியது:

டீச்சரோடு நான் ஒத்துப்போகிறேன். ஒரு கணக்கராகச் சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. லெட்ஜரில் ஒரு பதிவு விட்டுப்போனால் கடைசியில் கூட்டுத்தொகை உதைக்கும், ராத்திரி உட்கார்ந்தாவது தேடிப் பிடித்துவிடுவோம். இந்தப் பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 5,040 விட்டுப்போனாலும் 4,608-க்கு அடுத்து 5,376 ஏறுவரிசையில்தான் நிற்கிறது. பின்னால் வரும் எந்த எண்ணும் அதனால் தவறாகவில்லை. எச்சரிக்கும் மணி எங்கேயும் அடிக்காது.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

நீங்க சொல்ற உழைப்பு விஷயம் எனக்குப் புரியுது. ஆனாலும் ஒரு கவலை. ஒன்பதாவது, பத்தாவது பசங்க நல்லதை விட்டுட்டு "ராமானுஜனே தப்பு விட்டாரு" என்ற ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்குவாங்க. அதை நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

அந்த வரியைச் சொல்லும் பையனிடம் "சரி, அதை நீ கண்டுபிடி" என்று சாக்பீஸைக் கொடுப்பேன் அண்ணா. 1,95,54,57,50,400-ஐயும் 3,21,25,37,32,800-ஐயும் எழுதி, நடுவில் ஒன்று இருக்கிறது, அடுக்குகளை மாற்றித் தேடு என்பேன். தேடிக் கண்டுபிடிக்கும் பையன் அதன்பிறகு ராமானுஜனைப் பற்றி லேசாகப் பேசமாட்டான். மற்ற எண்களை எல்லாம் அவர் எப்படித் தேடியிருப்பார் என்று அவன் கைக்கே தெரிந்துவிடும்.

வியாசர்பாடி_பைத்தான் எழுதியது:

ராத்திரி புரோகிராம் எழுதிப் பார்த்தேன் அக்கா. எல்லா எண்ணையும் ஒண்ணொண்ணா ஓட்டினா முடியவே முடியாது, 6 லட்சம் கோடிக்கு மேல. ஆனா நீங்க சொன்ன முதல் விதி, அடுக்கு ஏறக்கூடாதுன்னு, அதை மட்டும் உள்ளே வெச்சேன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள மொத்தப் பட்டியலும் வந்துடுச்சு. 2,93,31,86,25,600-உம் 5,040 காரணியோட வந்தது.

இன்னொண்ணும் கவனிச்சேன். காரணி எண்ணிக்கைக்கே காரணி எடுத்தா? 10,080-க்கு 72. 72-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. இதுல 10,080, 12, 6, 4 எல்லாமே உயர் பகு எண்கள். 72 மட்டும் இல்லை. விட்டுப்போனதுக்கு 5,040, அதுக்கு 60, அதுக்கு 12. அந்த வரிசையில் வரது எல்லாமே உயர் பகு எண்கள்!

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

அழகு தம்பி. விதி ஒன்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் எவ்வளவு சுருங்குகிறது என்று நீயே பார்த்துவிட்டாய். அவரும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் ஏறினார்.

5,040-ஐ விட்டுவிடாதே. அது இன்னொரு பெரிய விஷயத்தின் வாசலில் நிற்கிறது. காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாகக் காரணிகளின் கூட்டுத்தொகையைப் பார். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் அளவைப் பொறுத்து ஒரு வரம்பு உண்டு, கூட்டுத்தொகை அதைத் தாண்டுகிறதா என்பது கேள்வி. 5,040-க்குக் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. வரம்பு 19,237 அருகில். தாண்டிவிட்டது. 5,040-க்கு மேலே எந்த எண்ணும் தனக்குரிய வரம்பைத் தாண்டாது என்று நிறுவிவிட்டால், பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புள்ள ரீமன் கருதுகோளே நிறுவப்பட்டதாகும். அது பொய் என்றால் தாண்டும் எண் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். இதை 1984-ல் காட்டியவர் பிரெஞ்சுக் கணிதர் கீ ரோபன். கணிதத்தின் மிகப் பெரிய தீராத கேள்விகளில் ஒன்று, காரணி கூட்டும் கணக்காக வந்து நிற்கிறது.

ராமானுஜனின் 1915 கட்டுரைக்கே ஒரு மீதி உண்டு. அப்போது கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி, அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றிய ஆய்வும் அந்தப் பகுதியில் இருந்தது. அதைச் சரிபார்த்துக் குறிப்புகளோடு 1997-ல் வெளியிட்டவர்கள் ழான் லூயி நிக்கோலாவும் இதே ரோபனும். எழுதி எண்பது வருஷத்துக்குப் பிறகு!

கொருக்குப்பேட்டை_சுமதி எழுதியது:

டீச்சர், பொண்ணு நேத்து ராத்திரி நோட்டை மூடவே இல்லை. இந்த எண்ணோட காரணிகள்ல வர்க்க எண் எத்தனை, கன எண் எத்தனைன்னு அவளே கேள்வி போட்டுக்கிட்டா. வர்க்கம் 48-னு சொல்றா. சரியா?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

சரிதான்! எப்படி வந்தது என்று மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வர்க்கம் என்றால் எல்லா அடுக்கும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 2-க்கு 0, 2, 4, 6 என்று 4 வழி. 3-க்கு 0, 2, 4 என்று 3 வழி. 5-க்கு 2, 7-க்கு 2. மற்ற பகா எண்களைத் தொடவே கூடாது. 4 × 3 × 2 × 2 = 48.

அவளிடம் இதையும் காட்டுங்கள். எண்ணை இப்படியும் எழுதலாம்: 2520 × 2520 × 11 × 13 × 17 × 19 × 23. 2520 என்பது 1 முதல் 10 வரை உள்ள எண்களின் மீ.சி.ம. அதுவே ஓர் உயர் பகு எண். அதன் காரணிகளும் 48.

கனத்துக்கு 2-இன் அடுக்கு 0, 3, 6 என்று 3 வழி, 3-இன் அடுக்கு 0, 3 என்று 2 வழி, வேறு எதற்கும் இடமில்லை. ஆறே ஆறு: 1, 8, 27, 64, 216, 1728. கடைசி எண் 12-இன் கனம். அதோடு 1-இன் கனத்தைக் கூட்டினால் எல்லா மேடையிலும் சொல்லும் அந்த 1729 வந்துவிடும். அந்தக் கதை தெரிந்த பிள்ளைகள் இந்த வழியாகவும் உள்ளே வரலாம்.

யார்டு_செல்வம் எழுதியது:

அக்கா, இந்த 10,080 காரணியையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா என்ன ஆகும்? ஷிப்டுல சும்மா யோசிச்சேன்.

வியாசர்பாடி_பைத்தான் எழுதியது:

அண்ணே, இதுக்கு நான் சொல்றேன். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு ஜோடி உண்டு, ரெண்டையும் பெருக்கினா அந்த எண்ணே வரும். 2-க்கு ஜோடி எண்ணுல பாதி, 3-க்கு மூணுல ஒரு பங்கு. இது வர்க்க எண் இல்லைங்கறதால தனக்குத் தானே ஜோடியா எதுவும் நிக்காது. 10,080-ஐ ஜோடி சேர்த்தா 5,040 ஜோடி. அப்போ விடை, இந்த எண்ணை 5,040 தடவை எழுதிப் பெருக்கினது. எழுதினா 64 ஆயிரம் இலக்கத்துக்கு மேல ஓடும். ஜோடியில சின்னது எப்பவுமே வர்க்கமூலத்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 லட்சத்து 97 ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

இதை வாசிச்சுட்டு நானும் பேரனோட உட்கார்ந்தேன். 23-க்கும் 72-க்கும் விலை ஒப்பிட்டது அவனுக்குச் சட்டுனு பிடிச்சுடுச்சு. விட்டுப்போன எண் விஷயத்தில் உங்க பக்கம் வந்துட்டேன்மா, சாக்பீஸைக் கொடுங்க. ஆனா ஒரு கேள்வி. ராமானுஜன் நிறுத்தின இடத்துக்கு அடுத்தது என்ன?

கல்மண்டபம்_கணக்கு எழுதியது:

அதை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கேள்வியாக வைத்திருக்கிறேன் அண்ணா, அதனால் எண்ணை இங்கே முழுசாக எழுதவில்லை. பேரனுக்குத் துப்பு மட்டும்: புதிய பகா எண் எதுவும் வேண்டாம். 11-லிருந்து 23 வரை அப்படியே இருக்கட்டும், 5-ஐயும் 7-ஐயும் தொட வேண்டாம். ஒரு 3-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-களைப் போடச் சொல்லுங்கள். 7 × 5 என்பது 9 × 4 ஆகும், 35-லிருந்து 36. காரணிகள் 10,080-லிருந்து 10,368. எண் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெருக்கலை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.